மெய்நிகர் எண்ணிமச் சொத்துகளும் இந்தியச் சட்டமும்: வரிவிதிப்பும் பாதுகாப்பும்

இந்தியாவில் கிரிப்டோ நாணயங்கள் தடைசெய்யப்பட்டவையும் அல்ல. சட்டப்படி செல்லத்தக்க பணமும் அல்ல. இவ்விடைநிலை உருவான முறையையும் அதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, மெய்நிகர் நாணய வணிகத்திற்குச் சேவை வழங்கக் கூடாதென வங்கிகளைப் பணித்தது. அது நாணயத்தைத் தடைசெய்யவில்லை. வங்கி வழியை அடைத்தது. உச்சநீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அதனை நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டென ஏற்ற நீதிமன்றம், வங்கிகளுக்கு நேர்ந்த கேடு எதுவும் காட்டப்படாமையால் அந்நடவடிக்கை விகிதாசாரக் கோட்பாட்டிற்கு ஒவ்வாதது என்றது.

2022ஆம் ஆண்டு நிதிச்சட்டம் இவற்றை 'மெய்நிகர் எண்ணிமச் சொத்து' என வரையறுத்து, ஆதாயத்தின்மீது 30 விழுக்காடு வரி விதித்தது. ஒரு நாணயத்தின் இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. எனவே, ஒன்றில் 1 இலட்சம் ரூபாய் ஈட்டி, மற்றொன்றில் அதே அளவு இழந்தவரும், மேல்வரி நீங்கலாக 30,000 ரூபாய் செலுத்த வேண்டும். 2023 மார்ச்சில் பரிமாற்றகங்கள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

இவ்விரு ஏற்பாடுகளும் அரசின் வருவாயையும் கண்காணிப்பையும் உறுதிசெய்கின்றன. முதலீட்டாளரின் உடைமையைக் காப்பதில்லை. வங்கி வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பரிமாற்றகத்தில் வைத்த நாணயத்திற்கு அது இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ நாணயத்தை உடைமையாக ஏற்றது. எனினும், வழக்குதோறும் தீர்ப்பை எதிர்நோக்குவது எளிய முதலீட்டாளர்க்கு இயலாதது. பிறர் உடைமையை வைத்திருக்கும் பரிமாற்றகத்தின் கடமைகளைச் சட்டமே வரையறுத்தல் வேண்டும்.