தவளைக் கருவில் கண் திறக்கும் விதம்

பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை, இன்று கடலைவிட்டு விலகி, வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூராக உள்ளது. மழைக்காலத்தில் இத்தகைய ஊர்களின் குளக்கரையோரம், பசைபோன்ற கூழில் பொதிந்த கருமணிகள் மிதக்கக் காணலாம். அவை தவளை முட்டைகள். முத்துக் குளித்த ஊரில் அவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் நம் கண்ணும் மூளையும் உருவாகும் முறை குறித்து அறிஞர் கற்றவற்றுள் பல, தவளை முட்டைகள் கற்பித்தவையே.

ஒரு முட்டை பிளந்து பல்லாயிரம் செல்களாகின்றது. அவை அனைத்திலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே. தலைப்பிரட்டையின் குடற்செல்லிலிருந்து எடுத்த உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையுள் வைத்து, நீந்தும் தலைப்பிரட்டையையே வளர்த்துக் காட்டினார் ஜான் கர்டன் (1962). ஐம்பதாண்டு கழித்து அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. அங்ஙனமாயின் ஒரு செல் கண்ணாகவும் மற்றொன்று தோலாகவும் ஆவது எதனால்? எந்த மரபணு, எவ்விடத்தில், எப்பொழுது செயற்படுகின்றது என்பதே விடை. இதனையே மரபணு வெளிப்பாடு என்பர்.

நரம்பு மண்டலம் பிறக்கும் விதம் விந்தையானது. கருவின் மேலடுக்குச் செல்களைத் தோலாகும்படி ஏவுவது பி.எம்.பி. என்னும் புரதம். முதுகுப்புறத்தில் சுரக்கும் நாகின், கார்டின் ஆகிய புரதங்கள் அதனைப் பற்றி முடக்குகின்றன. ஏவல் எட்டாத செல்கள் நரம்பாகின்றன. நாகின் 1992 இலும் கார்டின் 1994 இலும் கண்டறியப்பட்டன. நரம்பாக்கும் பொருளைப் பல்லாண்டு தேடியோர்க்குத் தடையை அகற்றும் பொருளே அகப்பட்டது!

நரம்புத் தகட்டின் முன்முனையில் பாக்ஸ்-6 முதலிய மரபணுக்கள் செயற்படத் தொடங்குகின்றன. அங்கு முதலில் அமைவது ஒரே கண்புலம்; பின்னரே அது இரண்டாகப் பிரிகின்றது. பிரியாவிடின் ஒற்றைக்கண்தான். பாக்ஸ்-6 இன் ஆர்.என்.ஏ.வைத் தவளைக் கருவில் செலுத்தியபோது, கண் தோன்றாத இடத்திலும் கண் தோன்றியதை 1999 இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். மனிதரில் இம்மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதுற்றாலும், கண்மணியைச் சூழ்ந்த ஐரிஸ் திரை இன்றியோ குறைந்தோ குழந்தை பிறக்கும்.

வைட்டமின் ஏ உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, உட்கருவுள் நுழைந்து மரபணுக்களை இயக்குகின்றது. புவனேசுவரம் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாதி குழுவினர் (இவ்வம்மையார் ஒடிசி நடனத்திலும் புகழ் பெற்றவர்) வால் துண்டித்த தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தனர். வால் முளைக்கவேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன! 1992 இல் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1989 இல், நெதர்லாந்து ஆய்வாளர் இளந்தவளைக் கருவை ரெட்டினாயிக் அமிலத்தில் வைத்தபோது, கண்ணும் முன்மூளையும் அமையவேண்டிய பகுதி பின்மூளையின் இயல்பை அடைந்தது.

முகப்பருவுக்கு உண்ணும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இவ்வினத்தைச் சேர்ந்ததே. கருவுற்ற பெண் அதனை உட்கொண்டால் சிசுவின் மூளையும் இதயமும் செவியும் பழுதுறக்கூடும். எனவே மருத்துவர் அதனை விலக்குகின்றனர். மனிதக் கருவில் நரம்புக்குழல் மூடுவது நான்காம் வாரத்தில். தாம் கருவுற்றிருப்பதைப் பல தாய்மார் அப்பொழுது அறிந்திருப்பதுகூட இல்லை.