மஞ்சள் ரோஜாவின் பயணம்

ஐரோப்பியத் தோட்டங்களில் சிவப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான ரோஜாக்கள் நெடுங்காலமாகப் பூத்து வந்தன. மஞ்சள் ரோஜாவோ மேற்கு ஆசிய நிலங்களிலிருந்து அங்குச் சென்றது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வளர்க்கத் தொடங்கிய அம்மலருக்குத் தாவரவியலார் சூட்டிய பெயர் ‘ரோசா ஃபெட்டிடா’. இலத்தீன் மொழியில் ‘ஃபெட்டிடா’ என்பது தீநாற்றம் உடையது எனப் பொருள்படும். கண்ணைக் கவரும் மலருக்கு இத்தகைய பெயர் வாய்த்தது, அதன் மணம் பலருக்கும் ஒவ்வாததால்தான்.

பெயரைப் போலவே அதற்கு ஏற்றப்பட்ட பொருளும் இழிவானதாக இருந்தது. விக்டோரியா அரசி ஆண்ட 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வாய்விட்டுச் சொல்லத் தயங்கியவற்றை மலர்களால் உணர்த்தும் வழக்கம் பரவியது. ஒவ்வொரு மலருக்கும் பொருள் கூறும் ‘மலர்மொழி’ நூல்கள் பல வெளிவந்தன. சிவப்பு ரோஜா காதலைக் குறித்தது. மஞ்சள் ரோஜா பொறாமையையும் குன்றிவரும் அன்பையும் குறித்தது.

ஆயினும், தோட்டக்கலை வல்லுநர்கள் அந்நிறத்தைக் கைவிடவில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் பெர்னே துஷே, ரோசா ஃபெட்டிடாவின் பாரசீக அடுக்கு வகையைத் தோட்ட ரோஜாவுடன் கலப்பினம் செய்ய 1880களில் முயன்றார். ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொன்றின் சூலகமுடியில் சேர்த்து, விளையும் விதைகளை முளைக்கச் செய்து, அவை பூக்கும்வரை காத்திருப்பதே இப்பணி. ஆண்டுகள் பல கடந்தபின், 1900இல் ‘பொற்கதிரவன்’ எனப் பொருள்படும் ‘சொலேய் தோர்’ வெளிவந்தது. ஆரஞ்சு கலந்த அந்த மஞ்சளின் வழித்தோன்றல்களே இன்றைய பளிச்சிடும் மஞ்சள் ரோஜாக்களுள் பெரும்பாலானவை. இலைகளைத் தாக்கும் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் இயல்பும் மூதாதையிடமிருந்து நிறத்தோடு சேர்ந்தே வந்தது. தோட்டக்காரர்கள் இன்றளவும் அதனோடு போராடுகின்றனர்.

பெர்னே துஷேயின் தொழிலைத் தொடரவேண்டிய மைந்தர் இருவர். கிளாடியஸ், ஜார்ஜ் என்பன அவர்தம் பெயர்கள். முதல் உலகப் போர் இருவரையும் பலிகொண்டது. 1920இல் அத்தந்தை புதிய மஞ்சள் ரோஜா ஒன்றை வெளியிட்டு, அதற்குக் ‘கிளாடியஸ் பெர்னே நினைவு’ என்று பெயரிட்டார். பொறாமையின் அடையாளம் எனப்பட்ட நிறத்தில், இழந்த மகனின் பெயர் நிலைபெற்றது.

அந்த ரோஜாவின் வழியில் மற்றொரு மலர் உருவாயிற்று. பிரான்சின் பிரான்சிஸ் மெய்யான் 1930களில் உருவாக்கிய அதன் வெளிர்மஞ்சள் இதழ்களின் விளிம்பில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதனை அமெரிக்கர் வளர்த்துப் பெருக்கினர். 1945 ஏப்ரல் 29 அன்று கலிபோர்னியாவின் பசதேனா நகரில் அதற்கு ‘அமைதி’ எனப் பெயர் சூட்டப்பெற்றது. அக்காலத்தில் ஐக்கிய நாடுகள் அவையை அமைப்பதற்காகச் சான்பிரான்சிஸ்கோ நகரில் பல நாட்டினரும் கூடியிருந்தனர். ஒவ்வொரு நாட்டுக் குழுவின் தலைவருக்கும் அம்மலர் ஒவ்வொன்று அளிக்கப்பட்டது.

மலர்மொழி நூல்களின் செல்வாக்கு மறைந்துவிட்டது. நோயுற்ற நண்பரைக் காணச் செல்வோரும், தோழமையைப் பாராட்ட விழைவோரும் இன்று மேலைநாடுகளில் தயக்கமின்றித் தேர்ந்தெடுப்பது மஞ்சள் ரோஜாவையே.