கடலும் கூட்டாளியும் – 9: கணிச்சம்

கணவாயைத் துண்டு போட்டு இரை சேர்த்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதை முடித்து நிமிர்ந்தபோது முட்டத்துக் கரை சிறுத்துவிட்டது. நண்பன் எஞ்சினைத் தணித்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவன் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, கோபுரம் மலைக்க தோளுக்கு வந்துட்டா பாரு."

குமரிக் கடற்கரையில் இதற்குக் கணிச்சம் என்று பெயர். கரையோரம் ஒரு கோபுரம், பின்னால் தூரத்தில் ஒரு மலை. வள்ளம் நகர நகர, கோபுரம் மலைமேல் ஊர்ந்து போகிறது. இரண்டும் நேராகிற இடத்தில் கடல்மேல் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னொரு சோடி அடையாளம், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற புள்ளிக்கு அடியில் பார். பார் என்றால் கடலடிப் பாறை. கலவாவும் விளமீனும் வாழுமிடம். கோடுகள் நன்றாகக் குறுக்கே வெட்ட வேண்டும். ஒட்டினாற்போல் போனால் பாரைத் தவறவிட்டு மணலில்தான் தூண்டில் போட நேரும். எந்தக் கோபுரம், எந்த மலை என்று எழுதமாட்டேன். அது அவனுக்கு அவன் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து.

நங்கூரத்தைப் பாருக்கு நேர்மேலே போடவில்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், வருகிற பக்கம் எதிரேறிப் போய்ப் போட்டான். கயிறு முழுக்க இழுத்ததும் வள்ளம் தானாகப் பின்வாங்கிப் பாரின் மேல் நின்றது. ஈயத்தை இறக்கினேன். பன்னிரண்டு பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) போனதும் தங்கூஸ் நரம்பில் ஒரு தட்டு. மணலென்றால் ஈயம் மெத்தென்று உட்காரும், கல்லென்றால் தட்டும். விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

கலவா கடித்தால் முதல் இரண்டு பாகத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். உடனே ஏற்றாவிட்டால் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு முறை நரம்பு அறுந்தது. மூன்றாவது முறை அவன் தன் தூண்டிலை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றான். கை வைக்கவில்லை. "ஏத்து, ஏத்து" என்பது மட்டும் காதருகே கேட்டுக்கொண்டிருந்தது. வந்தது ஒரு கிலோவுக்கு மேலிருக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறியதில் காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கியிருந்தது. இப்படி ஏறிவரும் குஞ்சைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம், அதனால்தான் பெரிய முள்ளாகக் கட்டுகிறேன் என்றான். அவனிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அந்தப் பெரிய முள்ளும் ஒன்று.

திரும்பும் வழியில்தான் பனைகளைப் பற்றிச் சொன்னான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல், கடலுக்குப் போன எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பவில்லை. கரையில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்பா ஒரு மலை மடிப்புக்கு நேராகக் காட்டிய இரட்டைப் பனையும் அவற்றில் ஒன்று. பனை போனதும் ஒரு பாரின் கணிச்சம் போயிற்று.

ஆனால் அந்தப் பாரின் இடத்தை அவன் முன்பே ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருந்தான். கடல் அடங்கியபின் அதைப் பிடித்துப் போய் நின்று, அன்று தூண்டிலே இறக்காமல் கரையை மட்டும் பார்த்திருக்கிறான். மலையின் அதே மடிப்புக்கு நேராக ஒரு செல்போன் கோபுரம் நின்றது. மகனுக்கு இப்போது அதைத்தான் காட்டிக்கொடுக்கிறான். பனை நின்ற இடத்தையும் சேர்த்து.

(தொடரும்)