ஐப்பசியில் உங்கள் செடிக்கு என்ன வயது?

மறைமலைநகரில் வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு சென்ட் மண் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த மாசம் என்ன போடலாம்?" விதைக்கடையில் கேட்டால் எந்த மாதமும் எதையும் போடலாம் என்பார்கள்; விற்க வேண்டியிருக்கிறதே. யூடியூபில் தேடினால் கோவைக்காரர் ஒருவர் ஆடிப்பட்டத்துக்கு நீளமான காய்கறிப் பட்டியல் தருவார். விதை உறையில் ஜூன், ஜூலை என்று அச்சடித்திருக்கும். இவற்றில் எதுவும் நம் ஊர் மழையை மனத்தில் வைத்துச் சொன்னதில்லை.

கோவையில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். செங்கல்பட்டு வட்டாரத்தில் அது 1,200-ஐத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதிக்குள், பல வருடங்களில் நாலைந்து பெருமழைகளாகவே கொட்டித் தீர்ந்துவிடும். உறையில் இருக்கும் ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கும் மாநிலங்களுக்கான கணக்கு. ஆகவே விதையை வாங்குமுன் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: ஐப்பசி மழை இறங்கும்போது இந்தச் செடிக்கு என்ன வயது இருக்கும்? அதற்குள் காய்த்து முடிந்திருக்குமா, மழையைத் தாங்கும் அளவுக்கு முற்றியிருக்குமா, இல்லை பூவும் பிஞ்சுமாக நடுவில் மாட்டிக்கொள்ளுமா? மூன்றாவது என்றால் அதை இப்போது போடாதீர்கள்.

இந்தக் கணக்கை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டின் நெல் விவசாயிகள் காலங்காலமாக இப்படித்தான் போகம் பிரித்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தொடங்கி பெருமழைக்கு முன்பே அறுத்துவிடுவது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் விதைத்து, மழை முழுவதையும் வயலில் நின்றே வாங்கிக்கொண்டு தையில் அறுவடைக்கு வருவது சம்பா. மழை விட்டபின் மார்கழியில் நட்டு, நிரம்பிய ஏரியின் தண்ணீரில் விளைவது நவரை. காய்கறிக்கும் இதே மூன்று வழிகள்தான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல் நம் பகுதிக்கும் செல்லும். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்யும். மறுநாள் வெயிலில் மண் பொலபொலவென்று ஆகிவிடும். விதை முளைக்க நல்ல பதம். ஆனால் நாளை எண்ண வேண்டும். வானிலைத் துறையின் கணக்குப்படி வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஆகஸ்ட் முதல் தேதி விதைத்தால் கையில் 80 நாள் இருக்கிறது. வெண்டை 45-ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்புக்கு வரும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். மழை வலுக்கும்போது அது கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கும். கொத்தவரை, காராமணி, முள்ளங்கி, கீரை எல்லாம் இந்த 80 நாளுக்குள் அடங்கும். இதே வெண்டையைப் புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் முதல் பூ வரும் நேரத்தில் வேரில் தண்ணீர் நிற்கும்.

பீர்க்கு, புடல், சுரை, பாகல் நாலும் ஆடியில் போட ஏற்றவை. இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, மழை வரும்போது கொடி பந்தலில் வலுவாகப் படர்ந்திருக்கும். அப்போது ஒரு சிக்கல் வரும்: செடி செழிப்பாக இருக்கும், காய் மட்டும் இருக்காது. காரணம் எளிது. பீர்க்கும் சுரையும் பூப்பது சாயங்காலத்தில். ஐப்பசி மழை அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டால் மகரந்தம் நனைந்து கெடும், பூச்சிகளும் வருவதில்லை. மழை விட்ட மாலைகளில் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. மஞ்சள் பூசணியான பரங்கிக்குப் பூ விரிவது விடியற்காலை என்பதால் அதற்கு இந்த வேலையைக் காலையில் செய்ய வேண்டும். ஆடியில் போட்ட பரங்கி, மார்கழிக் கோலத்துக்குப் பூவும் பொங்கல் கூட்டுக்குக் காயும் தரும்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். எவ்வளவு எரு போட்டாலும், எந்த மருந்து தெளித்தாலும், இரவு நீளாமல் அது பூவெடுக்காது. ஆடியில் ஊன்றினால் மழைக்காலம் முழுக்கக் கொடியாக வளர்ந்து, கார்த்திகை வாக்கில் பூத்து, மார்கழி, தை, மாசியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மழையை நின்று வாங்கும் சம்பா நெல்லைப் போன்ற செடி இது. தையில் விதைத்தவர்களுக்கு ஆறேழு மாதம் இலைதான் கிடைக்கும். ஆடு வளர்த்தால் உதவும். சிறகவரைக்கும் இதே குணம் உண்டு. குத்து அவரை என்று விற்கும் குட்டை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; அவற்றை எந்தப் பட்டத்திலும் போடலாம். கடையில் வாங்கும்போது பந்தல் அவரையா, குத்து அவரையா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் விதைக்கும் மாதங்கள் அல்ல, காப்பாற்றும் மாதங்கள். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். அடுத்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை. இப்படிக் காற்று வந்தால் முதலில் முறிவது முருங்கை, பிறகு வாழையும் பப்பாளியும். முருங்கைக் கிளைகளைப் புரட்டாசியிலேயே கழித்துவிடுங்கள். மழையில் அது எப்படியும் இலைதான் விடும், காய்க்காது, போதாக்குறைக்குக் கம்பளிப்பூச்சி வேறு. பப்பாளிக்குக் காற்றைவிடத் தேங்கும் தண்ணீர்தான் எமன். வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரம் போய்விடும். மேடான இடம் இல்லையென்றால் பப்பாளி ஆசையை விட்டுவிடலாம்.

மழைக்காலக் கீரை வேண்டுமென்றால் தண்டுக்கீரை, சிறுகீரை விதைகளைத் தூவாதீர்கள். ஒரே அடி மழையில் நாற்று மண்ணோடு படுத்துவிடும். பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசலை மூன்றும் ஈரத்தில் சந்தோஷமாக வளரும். குச்சியோ வேரோ ஒடித்து நட்டால் போதும்.

எந்தச் செடி தாங்கும் என்பது மண்ணையும் பொறுத்தது. மறைமலைநகர், சிங்கபெருமாள் கோவில் பக்கத்து மேட்டு மனைகளில் சரளை கலந்த செம்மண். தண்ணீர் இறங்கிவிடும், ஆனால் வெயிலில் சீக்கிரம் காயும். ஏரிப்பாசன வயலை மனையாக்கிய இடங்களில் களிமண். அங்கே ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வாய்க்கால் எடுத்துத் தெருப்பக்கம் வடிய விட்டால்தான் மழைக்காலத்தில் கத்தரியும் மிளகாயும் நிற்கும், இல்லையென்றால் வாடல் நோயில் ஒவ்வொன்றாகத் தலை தொங்கும். கடலோரத்தில், கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை மணல்தான். அங்கே தண்ணீர் தேங்கும் பயம் குறைவு. போட்ட எரு மழையோடு கீழே இறங்கிப் போய்விடுவதும் உப்புக் காற்றும்தான் கவலை. எருவை ஒரே தடவையாகக் கொட்டாமல், மழை விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மொட்டைமாடிப் பைகளுக்கும் இதுவே பொருந்தும். பையின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று புரட்டாசியில் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்துத் தோட்டக்காரருக்கு ஆடியைவிடத் தைப்பட்டமே பெரிய பட்டம். மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வானம் வெளுத்திருக்கும், இரவில் குளிர் இருக்கும். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம், திண்டிவனம் வரை தர்பூசணி விவசாயிகள் மழை விடும் தறுவாயில் விதைத்து, மாசி, பங்குனியில் நெடுஞ்சாலையோரம் குவிப்பதைப் பார்க்கிறோம். வேர்க்கடலைக்கும் மார்கழிப் பட்டம் உண்டு. பணம் போட்டுப் பயிர் செய்கிறவர்கள் தேர்ந்தெடுக்கும் காலத்தை வீட்டுத் தோட்டக்காரர் மட்டும் ஏன் விட வேண்டும்?

ஆனால் தைப்பட்டம் தையில் தொடங்குவதில்லை. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான ரகங்களில் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். நம் ஊரில் பங்குனியிலேயே இரவுகள் அந்த நிலைக்கு வந்துவிடும். ஆக, தக்காளி தை, மாசியில் பூத்தாக வேண்டும். நாற்று நட்டு ஏறத்தாழ 30 நாளில் பூ வரும். நாற்றங்காலில் 25 நாள். திருப்பி எண்ணினால் விதைக்க வேண்டிய நாள் டிசம்பர் முதல் வாரம், அதாவது கார்த்திகை நடு. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். அதனால் நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்திலோ பால்கனியிலோ, சாரல் படாமல் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். மழைக்கால நாற்றுக்கு அழுகல் நோய்தான் எதிரி. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வீட்டுக்கு வாங்கும் சிட்டிகை விதைக்கு அதில் ஒரு சிட்டிகை கலந்து, லேசாக ஈரம் காட்டி விதைத்தால் சரி. பொங்கல் முடிந்து பொறுமையாகக் கடைக்குப் போய்த் தக்காளி விதை வாங்குகிறவர், பூ உதிர்வதைச் சித்திரையில் பார்த்துவிட்டு மண்ணைக் குறை சொல்வார்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இவ்வளவு நெருக்கடி இல்லை. மார்கழியில் நாற்று விட்டுத் தையில் நட்டால் போதும். கத்தரி சித்திரை வரை காய்க்கும். அதன்பின் பிடுங்கி எறியாமல் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டி, ஒரு கூடை எரு வைத்துத் தண்ணீர் விட்டால் துளிர்த்து ஆடி, ஆவணியில் மறுபடி காய்க்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்ற மலைக்காய்களுக்கும் இந்தக் குளிர்தான் வாய்ப்பு. நாற்று கார்த்திகையிலேயே தயாராக வேண்டும். பீட்ரூட், நூக்கல் ஓரளவு வரும். கேரட்டுக்குப் பாடுபட்டுப் பயனில்லை. சரளை மண்ணில் அது விரல் விரலாகப் பிளந்து வரும்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை அடிக்கும். அப்போது புதிதாகப் போட கொத்தவரையும் கீரையும் போதும். கீரைக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வெண்டையும் வெயிலைத் தாங்கும், ஆனால் வறண்ட மாதங்களில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும். இலை நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டதும் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதற்கு மருந்து இல்லை.

கோடையில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சேனை விளைய எட்டு மாதம் ஆகும். மஞ்சளுக்கு எட்டு, ஒன்பது மாதம். சிறுவள்ளிக்கும் நெடுநாள் வேண்டும். இவை பொங்கலுக்கு முற்ற வேண்டும் என்பதால் சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ, முதல் கோடைமழை விழுந்த ஈரத்தில் ஊன்ற வேண்டும். ஐப்பசி வரும்போது கிழங்கு மண்ணுக்குள் திரண்டுகொண்டிருக்கும். மேட்டுப்பாத்தியில் இருந்தால் மழை அதற்கு உதவியே செய்யும். சேப்பங்கிழங்குக்கு அந்த மேடும் வேண்டாம்; கொல்லைப்புறக் குழாயடியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் வழியும் இடத்தில் போடுங்கள். வைகாசியைத் தவறவிட்டவர்கள் அந்த வருடப் பொங்கல் சேனையைக் கடையில்தான் வாங்க வேண்டும்.