உங்களுக்குத் தெரியுமா? ‘நான்’ என்பது யார்?

எதைச் சந்தேகித்தாலும், சந்தேகிக்கிற ‘நான்’ இருப்பதை மட்டும் மறுக்க முடியாது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் 1637இல் எழுதினார். அவருக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தத்துவ அறிஞர் இப்னு சீனா ஒரு மனிதனைக் கற்பனை செய்து பார்த்தார். வெட்டவெளியில் மிதக்கும் அவனுக்குப் பார்வை இல்லை, ஒலி இல்லை. தன் கைகால்கள் ஒன்றையொன்று தொடும் உணர்வுகூட இல்லை. அப்போதும் தான் இருப்பதை அவன் அறிவான் என்றார். எவ்வளவு துணிச்சலான கற்பனை!

நினைவுதான் ஒருவரை அவராக்குகிறது என்றார் ஆங்கிலேயர் ஜான் லாக். 1785இல் தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் அதை மடக்கினார். பழம் திருடி அடிவாங்கிய சிறுவன் வளர்ந்து படைவீரனாகிறான், முதுமையில் தளபதியாகிறான். வீரனுக்கு அந்த அடி நினைவிருக்கிறது. தளபதிக்கு வீரனாகச் செய்ததெல்லாம் நினைவிருக்கிறது, அடி மறந்துபோயிற்று. அப்படியானால் தளபதியும் சிறுவனும் ஒருவரா, இல்லையா?

இவர்களில் மனத்தை மிகவும் கவர்பவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். உள்ளே தேடினால் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என மாறிக்கொண்டே இருக்கும் உணர்வுகள்தான் அகப்படுகின்றன, ‘நான்’ அகப்படவில்லை என்று 1739இல் எழுதினார். தேரின் உறுப்புகளைத் தவிரத் தேர் என்று தனியாக ஏதுமில்லை, ‘நான்’ என்பதும் அப்படித்தான் என்று கிரேக்க மன்னர் மிலிந்தருக்கு நாகசேனர் சொன்னதாகப் பௌத்த நூல் கூறுவதும் ஏறக்குறைய இதையே. ஆனால் அந்த உணர்வுகளை ஒன்றாகக் கட்டுவது எது? தன் விளக்கம் போதவில்லை என்று, அந்த நூலுக்கு 1740இல் வெளிவந்த பின்னிணைப்பில் ஹியூமே ஒப்புக்கொண்டார். 1748இல் தன் அறிவுக் கொள்கையைப் புதிதாக எழுதியபோது ‘நான்’ பற்றிய பகுதியையே அவர் சேர்க்கவில்லை.