சரவெடி போல் ஒரு சங்கீதம்!

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே, கரிசல் காட்டில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட ஊர். வானத்தை நம்பிப் பயனில்லை என்று ஆன பிறகு, தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பிப் பிழைக்கிற வட்டாரம். அங்கே பெண்களின் கைக்கு நன்றாகப் பழகிப்போன வேலை ஒன்று இருந்தது. சரம் பின்னும் வேலை!

சின்னஞ்சிறு வெடிகளை வரிசையாக வைத்து, ஒன்றின் திரியை நடுத்திரியோடு சேர்த்து, அடுத்ததை எதிர்ப்பக்கம் வைத்து, ஜடை பின்னுவது போலப் பின்னிக்கொண்டே போக வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். சூட்சுமமெல்லாம் இடைவெளியில் இருக்கிறது. இடைவெளி அதிகமானால் நெருப்பு பாதி வழியில் நின்றுவிடும். மிகவும் நெருங்கினால் நாலைந்து சேர்ந்து ஒரே சத்தமாகப் போய்விடும். ஒன்று வெடித்து ஓய்வதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது சரம். இல்லாவிட்டால் வெறும் வெடி.

இதே வேலையைப் பாட்டை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? ஒரு பாட்டு அடங்குவதற்கு முன்பே அடுத்த பாட்டைப் பற்றவைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சு விடாமல் ஓடவிட்டு, அதை இசைத்தட்டிலும் பதிந்து, மாதம் ஒன்றாகப் பதினேழு வருஷ காலம் விற்றிருக்கிறார்கள். அது நடந்தது லண்டன் மாநகரில்.

லண்டனுக்குப் போவதற்கு முன்னால், உள்ளூர்க்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

மைக் செட்டுக்காரர்

பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று அம்மன் கோயில்களில் சாட்டிவிட்டால், முதல் காரியம் மைக் செட்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பது. அவர் வருவார். வேப்பமரத்தின் உச்சியிலும் கோயில் கோபுரத்தருகிலும் குழாய்களைக் கட்டுவார். ஆம்ப்ளிபயர் ஒன்று, தட்டுச் சுழலும் பெட்டி ஒன்று, இசைத்தட்டுகள் அடுக்கிய டிரங்குப் பெட்டி ஒன்று. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி.

அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு டி. எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. வெயில் ஏற ஏற எல். ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு. மத்தியானத்துக்கு மேல் சினிமாப் பாட்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து ஜனங்கள் பாயை விரித்த பிறகு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத் தட்டு, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு. இந்த வரிசையை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. எந்த வேளைக்கு எந்தப் பாட்டு, எந்தக் கூட்டத்துக்கு எந்தப் பாட்டு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு எடுபடும் என்பதெல்லாம் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த ஞானம்.

ஆனால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு தட்டுப் பெட்டி. ஒரு பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்க வேண்டும். தட்டை மாற்ற வேண்டும். முள்ளை வைக்க வேண்டும். அந்த அரை நிமிஷம் ஊரே வெறிச்சென்று இருக்கும். அதை நிரப்பத்தான் இருக்கிறதே மைக்! பந்தலுக்கு நன்கொடை கொடுத்தவர் பெயர், கூட்டத்தில் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம், தண்ணீர்ப் பந்தல் இருக்கும் திசை எல்லாம் அந்த இடைவெளியில்தான் வெளிவரும். இடைவெளியும் திருவிழாவில் ஒரு பாகம் என்றே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு தட்டு, ஒரு தாளம்

அந்த இடைவெளியை ஒழித்துக் கட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1960-களின் கடைசியில் நியூயார்க் நடன விடுதி ஒன்றில் தட்டுப் போட்டுக்கொண்டிருந்த பிரான்சிஸ் கிராஸோ என்பவரைத்தான் இந்தக் கலைக்கு முன்னோடி என்று சொல்கிறார்கள். அவர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டுப் பெட்டிகளை வைத்துக்கொண்டார். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மற்றொன்றில் அடுத்த பாட்டைத் தம் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஓடவிட்டார். இரண்டின் தாளமும் ஒன்றோடொன்று பொருந்துகிற நொடி பார்த்து, பழையதைக் குறைத்துப் புதியதை ஏற்றினார். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியவில்லை. கால் நின்றால் அல்லவா தெரியும்!

தப்படிக்கிறவர் இருவர் எதிரெதிர்த் தெருவிலிருந்து வந்து முச்சந்தியில் சேர்வதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒருவர் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார், மற்றவர் கொஞ்சம் கூட்டுவார். நாலு அடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதையே இயந்திரத்தில் செய்கிற வித்தைதான் இது. அதற்குத் தட்டின் வேகத்தை இம்மி இம்மியாகக் கூட்டவும் குறைக்கவும் வழி வேண்டும். ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனியார் 1972-ல் வெளியிட்ட ‘டெக்னிக்ஸ் 1200’ என்ற பெட்டி அதற்கு வாகாக அமைந்தது. இந்த வித்தைக்காரருக்கு டி.ஜே. என்று பெயர். எலெக்ட்ரானிக் கருவிகளில் உண்டாக்கிய நடன இசை அவருக்கு ஏற்ற சரக்கு. நிமிஷத்துக்கு 120 முதல் 130 அடி வரை, நூல் பிடித்தாற்போல் ஒரே தாளம். பின்னுவதற்குச் சௌகரியம்!

ஐஸ் கிடங்கில் ஒரு ஆலயம்

லண்டனில் ஸ்மித்பீல்டு என்ற இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய காலத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருந்தது. கீத் ரெய்லி, கேமரூன் லெஸ்லி என்ற இருவர் அதைச் செப்பனிட்டு, 1999 அக்டோபரில் ‘பேப்ரிக்’ என்ற பெயரில் நடன விடுதி தொடங்கினார்கள். அதன் பெரிய அறையில் தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான அதிர்வுக் கருவிகளைப் பதித்திருந்தார்கள். அடித்தொண்டை ஒலி காதுக்கு வருவதோடு, உள்ளங்காலிலும் ஏறும். பட்டாசுக்கட்டு வெடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டாகும் அதிர்வு போல என்று வைத்துக்கொள்ளலாம்.

விடுதிக்கு வர முடியாதவர்களுக்கும் அந்த இரவு கிடைக்க வேண்டும் என்று 2001 நவம்பரில் இசைத்தட்டு வரிசை ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் தட்டைப் பின்னியவர் கிரேக் ரிச்சர்ட்ஸ். அந்த விடுதியின் சொந்தப் பிள்ளை மாதிரி. அடுத்த மாதமே ‘பேப்ரிக்லைவ்’ என்று ஒரு தம்பி வரிசையும் பிறந்தது. அதன் முதல் தட்டு ஜேம்ஸ் லவெல் என்பவருடையது. அண்ணன் சனிக்கிழமை இரவுக்கு, தம்பி வெள்ளிக்கிழமை இரவுக்கு. ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது போல ரசிகர்கள் சந்தா கட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் தகரப் பெட்டியில் வரும். விபூதி டப்பாவைப் போல அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்த்தவர்கள் ஏராளம்.

வெறும் ஆட்டத்துக்கு ஏற்ற சரக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2002-ல் பேப்ரிக்லைவின் ஏழாவது தட்டைத் தொகுத்தவர் ஜான் பீல். அவர் பி.பி.ஸி. வானொலியில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய குரல். அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தாளப் பொருத்தம் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. தமக்குப் பிடித்த லிவர்பூல் கால்பந்துக் கூட்டம் மைதானத்தில் பாடும் பாட்டைக்கூட நடுவே சேர்த்துவிட்டார்! நம் மைக் செட்டுக்காரர் கேட்டிருந்தால், “இவர் நம்ம ஆளு” என்றிருப்பார். சிலி நாட்டில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ரிக்கார்டோ வில்லலோபோஸ் 2007-ல் வேறு மாதிரி செய்தார். 36-வது தட்டு முழுவதையும் தாம் உண்டாக்கிய இசையாலேயே பின்னிவிட்டார். பிறர் பாட்டைத் தொடுப்பவன் சங்கீதக்காரனா, இல்லையா என்ற பழைய சண்டைக்கு அது ஒரு பதில் மாதிரி அமைந்தது.

2018-ல் இரண்டு வரிசையும் நூறாவது எண்ணைத் தொட்டன. அதோடு போதும் என்று அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வேறு பெயரில் புதிய வரிசை தொடங்கியது வேறு விஷயம்.

பம்பாயிலும் ஒருவர்

நம் நாட்டில் இப்படி எதுவுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பம்பாயில் ஹிந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982-ல் பத்து ராகங்களை எலெக்ட்ரானிக் கருவிகளில் ஏற்றி, டிஸ்கோ தாளத்தில் ஒரு தட்டு வெளியிட்டார். அப்போது சீந்துவாரில்லை. சிகாகோ நகரத்தார் ஏறக்குறைய அதே கருவிகளைக் கொண்டு புதுவகை நடன இசை கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்கியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து! 2010-ல் அந்தத் தட்டு மறுபடியும் வெளிவந்தபோது உலகமே மூக்கில் விரல் வைத்தது. 2015-ல் காலமாவதற்கு முன் அந்தப் புகழை அவர் கொஞ்சம் அனுபவித்தார் என்பது ஆறுதல்.

நம் ஊர்களிலோ கேஸட் வந்ததும் தெருவுக்குத் தெரு ரிக்கார்டிங் சென்டர் முளைத்தது. ஒரு வெற்று நாடாவும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பட்டியலில் ஐந்து நிமிஷம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தம் மனசுக்குத் தோன்றிய பாட்டைச் சேர்ப்பார். பல சமயங்களில் அதுதான் நன்றாக இருக்கும்.

ஒரே தீர்ப்பு, இரண்டு சத்தம்

இனிச் சொல்ல வேண்டியது அவ்வளவு இனிப்பான சங்கதி அல்ல.

ஒரு சிறுமி கொடுமைக்கு ஆளாகி எழுப்பிய கூக்குரல், பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அந்தக் குழந்தை தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டது. அதைச் சுட்டிக்காட்டி 1998-ல் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2005 ஜூலை 18-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. ஒலிபெருக்கியையும் பட்டாசையும் ஒரே தீர்ப்பில் சேர்த்து விசாரித்தது விசேஷம். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை இரண்டும் கூடாது என்று உறுதியாயிற்று. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு ராஜ்ய சர்க்கார் சலுகை தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று விதியும் இருக்கிறது. கூம்புக் குழாய் கட்டக் கூடாது என்று திருவிழா அனுமதிக் கடிதத்திலேயே போலீசார் நிபந்தனை எழுதுகிறார்கள். வேப்பமரத்து உச்சியிலிருந்து இறங்கிய குழாய்களில் பல பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததை நினைத்தால், இதைத் தவறு என்று யாரால் சொல்ல முடியும்?

பிறகு 2018 வந்தது. அக்டோபர் 23-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட், காற்றுக்கும் காதுக்கும் கேடு, குப்பையும் மலையாகச் சேர்கிறது என்று சொல்லிச் சரவெடியைத் தடை செய்தது. பேரியம் உப்புக்கும் தடை. உற்பத்தியாளர்கள் மறுபடி அனுமதி கேட்டதை 2023 செப்டம்பரில் மறுத்துவிட்டது. லண்டனில் பாட்டுச் சரம் நூறோடு நின்ற அதே வருஷத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடிச் சரமும் நின்றது. அங்கே அவர்களாக நிறுத்தினார்கள். இங்கே விரல்களுக்கு வேறு வேலை தேடித் தராமல் நின்றது. ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்கள் ஒற்றை வெடிக்கும் மத்தாப்புக்கும் மாறினார்கள். வாரக் கடைசியில் கைக்கு வருவது பழைய கணக்கு ஆகுமா? டில்லியின் புகையும் கூச்சலும் பொய்யல்ல. கரிசல் காட்டுப் பெண்ணின் வாரக் கூலியும் பொய்யல்ல.

லண்டன் விடுதிக்கும் தண்டனை இல்லாமல் போகவில்லை. போதை மருந்தால் இரண்டு இளைஞர்கள் இறந்ததை ஒட்டி, 2016 செப்டம்பரில் அதன் லைசென்ஸை ரத்து செய்தார்கள். ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். சங்கீதக்காரர்கள் 111 உருப்படிகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு 2017 ஜனவரியில் கதவு திறந்தது. நிதி திரட்டவும் நியாயம் பேசவும் அவர்களுக்கு ஆள் இருந்தது.

பத்து மணி ஆகும்போது

இப்போதெல்லாம் பொங்கல் விழாவுக்கு மைக் செட் வருவதில்லை. லாரியில் ஆளுயரப் பெட்டிகள், சுழலும் வண்ண விளக்குகளோடு ‘டி.ஜே. செட்’ வருகிறது. டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு மடிக்கணினி. பழைய எம். எஸ். விஸ்வநாதன் பாட்டுக்கு அடியில் புதுத் தாளத்தைப் பூட்டி ஓடவிடுகிறான், இருபது வயதுப் பையன். இடைவெளி இல்லை. நன்கொடையாளர் பெயரைச் சொல்ல விழாக் கமிட்டியார்தான் அவனிடம் ஓடிவந்து, “தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துப்பா” என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஆலைக்கு விடுமுறை விட்ட நாளல்லவா? மருந்து வாடையை மஞ்சள் தேய்த்துக் குளித்துப் போக்கிவிட்டு வந்த பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். பையன்கள் நடுவில் ஆடுவார்கள். கிழவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, ஆனால் எழுந்து போகாமல், உட்கார்ந்திருப்பார்கள்.

பத்து மணியை நெருங்கும்போது தெரு முனையில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். பாட்டைப் பாதியில் வெட்டினால் கூட்டம் சீறும். நீட்டினால் ஜீப்பிலிருந்து ஆள் இறங்கும். விவரம் தெரிந்த பையன் ஒன்பதே முக்காலுக்கே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, ஆட்டப் பாட்டுக்கு அடியில் ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டை மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று, கோயிலைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்புகிறார்கள். மணி பத்து.