முகாம்களில் மருத்துவம் – 6: சமூகரெங்கபுரத்திலிருந்து ஹைகிரவுண்டுக்கு

அகதிகள் முகாமில் முதல் சில வாரங்களில் உயிரைக் குடிப்பவை காலராவும் தட்டம்மையும். அதனால்தான் பன்னாட்டு நிவாரண நெறிகள் மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசுகின்றன: தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் அதே அவசரம் உண்டு.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் தங்கிய மேற்கு வங்கத்து போங்காவில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கலக்கச் சொல்லி, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் அம்மாவோ அக்காவோ பிடித்து வந்து புகட்டினார்கள். முகாம்களில் 30 சதவீதம் வரை போயிருந்த காலராச் சாவு, இப்படிச் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 சதவீதத்தில் நின்றது. நர்ஸ் செய்ய வேண்டிய வேலையை வீட்டு ஆளே செய்ய முடிந்ததுதான் இதில் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டின் கதை வேறு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த ஈழத்தமிழர்கள் மண்டபத்தில் பதிவாகி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கூடங்குளத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் சமூகரெங்கபுரம், தாமிரபரணிக் கரையோரக் கோபாலசமுத்திரம், கங்கைகொண்டான் ஆகிய முகாம்கள் அப்படி வந்தவை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் முகாம்வாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கியது. சத்துக்குறைந்த குழந்தைகளுக்குச் சுருள்பாசி கொடுத்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையவே தடை. அதன் சுமை நோயாளிகள் தலையில்தான் விழுந்தது.

முகாம் நாற்பது ஆண்டு நீடித்தால் நோயும் ஊர் நோயாகிவிடுகிறது: சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு மூச்சிரைப்பும் முதுகுவலியும். போரில் பட்டது மனத்தில் தங்கி, தூக்கமில்லாமல் தவிப்பவர்களும் உண்டு. கவனிப்பு மிகக் குறைவாகக் கிடைப்பது இவர்களுக்குத்தான். இவற்றுக்குத் தனி முகாம் ஆஸ்பத்திரி தேவையில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும், பெரிய நோய்க்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியும் கதவு திறந்திருந்தால் போதும். திறந்துதான் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் முகாம்வாசிகளுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது.

தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. மாதாந்திரப் பணக்கொடைக்கு ஆள்கணக்கில் நேரில் நிற்க வேண்டும் என்பதால், படுத்துச் சிகிச்சை எடுக்க வேண்டியவர் நாள் பார்க்கிறார். மாத்திரை பாதியில் நிற்பது இப்படித்தான்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. முகாம் வீடு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் விடுபடக் கூடாது. வேலைக்குப் போனவர்கள் திரும்பும் சாயங்காலத்தில் பணியாளர் வர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.